அமெரிக்க செனட்டர்களின் வாக்குகளில் அவர்களுடைய மாநிலம் ஏன் தெரிவதில்லை?

தாழை (கேள்வி)

50 மாநிலங்களுக்கும் வயது, இனம், வருமானம், முக்கியத் தொழில் என்று அட்டவணை போட்டு, செனட்டில் பதிவான வாக்குகளோடு ஒப்பிடுகிறேன். கட்சி என்ற ஒன்றைச் சேர்த்ததும் மற்றவை எல்லாம் மதிப்பிழந்துவிடுகின்றன. செனட்டர் எதற்கு முதலிடம் தருகிறார் என்பதை மாநிலத்தின் பொருளாதாரம்தான் தீர்மானிக்கிறது என்கிறார்களே, அது எங்கே இருக்கிறது?

நெடுமரம்

கணக்கில் கோளாறு இல்லை, பார்க்கிற இடத்தை மாற்றுங்கள். இறுதி வாக்கெடுப்புக்கு வருவதற்குள் மசோதா கட்சி விவகாரமாகிவிடுகிறது. மாநிலம் அதற்கு முன்பே தன் வேலையை முடித்திருக்கும். எந்தக் குழுவில் இடம் பிடித்தார், எந்த மசோதாவை முன்மொழிந்தார், பெரிய சட்டத்துக்குள் எந்த இரண்டு வாக்கியங்களைச் சேர்க்க வைத்தார், செனட்டின் ஒப்புதல் தேவைப்படும் யாருடைய நியமனத்தை நிறுத்தி வைத்தார்? இந்த நான்கையும் எடுங்கள்.

அலாஸ்காவைப் பாருங்கள். 2025 ஜூலை 1 அன்று செனட்டில் 51-50 என நிறைவேறிய வரிச் சட்டத்துக்கு அதன் செனட்டர் லிசா மர்கௌஸ்கி ஆதரவாக வாக்களித்தார். உங்கள் அட்டவணையில் அது குடியரசுக் கட்சியின் இன்னொரு 'ஆம்', அவ்வளவுதான். சட்டத்துக்குள் போனால் திமிங்கல வேட்டைப் படகுத் தலைவர்களுக்கான வரிக்கழிவு 10,000 டாலரிலிருந்து 50,000 டாலராக உயர்ந்திருப்பது தெரியும். அந்த வேட்டையில் ஈடுபடுவோர் பூர்வகுடியினர், அலாஸ்கா மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் பூர்வகுடி வழி வந்தவர். 2010இல் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதற்கட்டத் தேர்தலில் தோற்ற பிறகு, வாக்காளர்கள் தம் கையால் பெயர் எழுதிப் போட்ட வாக்குகளில் மர்கௌஸ்கி வென்றபோது, பூர்வகுடியினரின் ஆதரவு பெரும் பங்கு வகித்தது. அந்தச் சலுகை எதற்காக அங்கே வந்தது என்று இனி விளக்க வேண்டியதில்லை.

அயோவாவின் சக் கிராஸ்லி இன்னும் நல்ல எடுத்துக்காட்டு. 1981 முதல் செனட்டர், குடியரசுக் கட்சிக்காரர். பெட்ரோலில் எத்தனால் கலக்கும் விதிகளை அவர் காப்பது எதிர்பார்க்கக் கூடியது, எத்தனால் எடுக்கப்படும் மக்காச்சோளம் அங்கே விளைகிறது. ஆனால் 1992இல் காற்றாலை மின்சாரத்துக்கு வரிச்சலுகை கொண்டுவந்ததிலும் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. இன்று அயோவாவின் மின்சாரத்தில் பாதிக்கு மேல் காற்றிலிருந்து வருகிறது, நிலவாடகை விவசாயிகளுக்குப் போகிறது. 2025 ஆகஸ்டில், அந்தச் சலுகைக்கான விதிகள் தெளிவாகும்வரை தன் கட்சி அதிபரின் நிதித்துறை நியமனங்களையே அவர் நிறுத்தி வைத்தார். வாக்குப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு இதைப் பிடிக்கவே முடியாது.

எண்மணி

தரவிலும் மூன்று குழிகள் இருக்கின்றன.

முதலாவது, குடியிருப்போரை வாக்காளர்களாக எண்ணுவது. டெக்சாஸ் மக்கள்தொகையில் ஹிஸ்பானியர் ஏறத்தாழ 40 சதவீதம். 18 வயது நிரம்பாதவர்களையும் குடியுரிமை இல்லாதவர்களையும் கழித்தால் அந்தப் பங்கு வெகுவாக இறங்கும். மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறையின் அமெரிக்கச் சமூக ஆய்வில் பி05003 அட்டவணையிலிருந்து தொடங்குங்கள்.

இரண்டாவது, வேலைவாய்ப்புக் கணக்கு. தொழிலாளர் புள்ளிவிவரத் துறையின் காலாண்டுக் கணக்கு சுயதொழில் செய்வோரைச் சேர்ப்பதில்லை. குடும்பப் பண்ணைகள் பெரும்பாலும் அதில் விடுபடும், அயோவாவில் விவசாயமே இல்லாததுபோல் தோன்றும். ஐந்தாண்டுக்கு ஒருமுறை வரும் வேளாண் கணக்கெடுப்பை (கடைசியாக 2022) சேர்த்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, பெரும்பாலான மாநிலங்களில் பெரிய தொழில் எதுவென்று பார்த்தால் மருத்துவமும் சில்லறை வணிகமும்தான் வரும். மாநிலத்தில் அத்தொழிலின் பங்கை நாடு முழுவதும் அதற்குள்ள பங்கால் வகுங்கள். மாநிலத்தில் 6 சதவீதம், நாட்டில் 2 சதவீதம் என்றால் விடை 3. ஒன்றுக்கு வெகு மேலே நிற்பவைதான் செனட்டரின் கதவைத் தட்டும் தொழில்கள்.

கரிசல்

நெடுமரம் சொன்னதை அப்படியே விதியாக்கிவிடாதீர்கள். காற்றாலை மின் உற்பத்தியில் நாட்டிலேயே முதலிடம் டெக்சாஸுக்கு. ஆனால் அதன் செனட்டர் டெட் குரூஸ் அந்த மானியத்தை எதிர்ப்பவர். அங்கே எண்ணெயும் எரிவாயுவும் காற்றைவிடப் பன்மடங்கு பெரியவை. கட்சியின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிப்போரும் மானியத்தை விரும்பாதவர்கள். ஆக, தொழில் இருப்பது போதாது. அதைவிட வலுவான போட்டித் தொழில் இருக்கிறதா, இதனால் வாழ்வோர் செனட்டரின் முதற்கட்டத் தேர்தலில் வாக்களிக்கிறார்களா என்பதையும் பார்க்க வேண்டும்.

தாழை

நன்றி. ஒரே மாநிலத்தின் இரு செனட்டர்களும் வேறு வேறு கட்சி என்றால், அந்த இணைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்க்கலாமா?

நெடுமரம்

பார்க்கலாம், அதுதான் ஆகச் சுத்தமான சோதனை. மாநிலம் மாறாது, கட்சி மட்டும் மாறும். மேற்கு வர்ஜீனியாவில் ஐந்தில் ஒருவருக்கு மேல் 65 வயதைக் கடந்தவர். ஜோ மான்சினும் ஷெல்லி மூர் கேபிட்டோவும் எதிரெதிர்க் கட்சிகளில் இருந்தபடியே, 2019இல் நிறைவேறிய சுரங்கத் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டத்துக்காக ஒன்றாகப் பாடுபட்டார்கள். ஓஹாயோவின் ஈஸ்ட் பாலஸ்தீன் என்ற ஊரில் 2023 பிப்ரவரியில் ரயில் தடம்புரண்ட பிறகு, அப்போது எதிரெதிர்க் கட்சி செனட்டர்களாக இருந்த ஷெராட் பிரவுனும் ஜே.டி. வான்ஸும் சேர்ந்து ரயில் பாதுகாப்பு மசோதா கொண்டுவந்தார்கள். அது சட்டமாகவில்லை, எனவே நிறைவேறிய சட்டங்களை மட்டும் எண்ணினால் இதுவும் கை நழுவும்.

சிக்கல் எண்ணிக்கையில்தான். 2024 தேர்தலுக்குப் பின் இப்படிப் பிரிந்திருப்பவை மெயின், பென்சில்வேனியா, விஸ்கான்சின் ஆகிய மூன்றே. 1970களின் இறுதியில் பாதிக்கு மேற்பட்ட மாநிலங்கள் அப்படி இருந்தன. அங்கிருந்து தொடங்கி முன்னோக்கி வாருங்கள்.