லிட்டில் ராக் 1957: வகுப்பில் நடத்தியவர்கள் சொல்லுங்கள்

டல்லாஸ் டீச்சர்:
எட்டாம் வகுப்புக்கு நடத்தினேன், அமெரிக்காவின் லிட்டில் ராக் ஊரில் வெள்ளைக்காரப் பிள்ளைகள் மட்டும் படித்த உயர்நிலைப் பள்ளிக்கு 1957-ல் ஒன்பது கறுப்பின மாணவர்கள் முதன்முறையாகப் படிக்கப் போன கதையை. அந்தப் போட்டோ தெரியுமே, அந்த ஒன்பது பேரில் ஒருவரான எலிசபெத் எக்ஃபோர்ட் கறுப்புக் கண்ணாடியோடு நடந்து வர, பின்னால் ஹேஸல் பிரையன் என்ற வெள்ளைக்காரப் பெண் கத்துவார். ஹேஸலைப் பற்றித்தான் கேட்பார்கள் என்றிருந்தேன். ஒரு பையன் எழுந்து திரைக்கே வந்து, கத்தாமல் கூடவே நடக்கிற இன்னொரு பெண்ணின் முகத்தில் விரலை வைத்து, இவர் எந்தப் பக்கம் மிஸ் என்றான். பதில் சொல்லாமல் வகுப்பையே பார்த்தேன், ஒருவரும் வாய் திறக்கவில்லை. இன்னும் உறுத்துகிறது.

அட்லாண்டாக்காரன்:
டீச்சர், கோபித்துக்கொள்ளாதீர்கள், அந்தப் போட்டோவிலேயே நின்றுவிட்டால் பழி முழுக்க ஒரு பதினைந்து வயதுப் பெண் தலையில் விழுந்து, பெரியவர்கள் எல்லோரும் தப்பித்துவிடுகிறார்கள். நான் அடுத்த வருடத்திலிருந்து ஆரம்பிப்பேன். 1958 செப்டம்பரில் கறுப்பினப் பிள்ளைகள் சேராமலிருக்க கவர்னர் ஃபாபஸ் ஊரின் நான்கு உயர்நிலைப் பள்ளிகளையும் பூட்டினார், ஊர் மக்கள் ஓட்டுப் போட்டார்கள்: இரு இனப் பிள்ளைகளும் சேர்ந்து படிப்பதற்கு எதிராக 19,470, ஆதரவாக 7,561. வகுப்புகள் இல்லை, ஆனால் ஃபுட்பால் மேட்ச் மட்டும் நடந்தது! இதைச் சொன்னதும் என் வகுப்பில் சிரிப்பு. ஃபுட்பால் டீமில் இருக்கும் ஒரு பையன் மட்டும் சிரிக்கவில்லை, "அப்போ நானும் விளையாடியிருப்பேன்" என்றான்.

ஒரு அப்பா:
நான் டீச்சர் இல்லை. என் மகள் வகுப்பில் இதை நாடகமாகப் போட்டார்கள். எலிசபெத் வேஷம் யாருக்கு? வகுப்பில் இருந்த ஒரே கறுப்பினப் பெண்ணுக்கு. என் மகள் கூட்டத்தில் நின்று கத்த வேண்டுமாம். "அவ என் ஃப்ரெண்டுப்பா" என்று சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. யாரும் கேட்கவில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன்: தயவுசெய்து நடிக்க வைக்காதீர்கள். அதற்குப் பதிலாக அன்று காலையை ஒவ்வொரு ஆளாக எடுத்துப் பேச வையுங்கள். எலிசபெத் வீட்டில் போன் இல்லை, ஒன்பது பேரும் சேர்ந்து போகலாம் என்ற தகவல் அவருக்கு வரவே இல்லை, அதனால்தான் தனியாகப் போனார். துப்பாக்கியோடு நின்ற நேஷனல் கார்டு (மாநிலப் படை) வீரர்கள் வழி விடவில்லை. அவர் போய் உட்கார்ந்த பஸ் ஸ்டாப் பெஞ்சில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தவர் ஒரு பத்திரிகையாளர், பெஞ்சமின் ஃபைன். பஸ்ஸில் ஏற்றிவிட்டுக் கூடவே போனவர் கிரேஸ் லோர்ச் என்ற வெள்ளைக்காரப் பெண்மணி. இவர்களில் யாருக்கு என்ன செய்ய வழி இருந்தது, யார் செய்தார்கள் என்று எழுதச் சொல்லுங்கள், போதும்.

அட்லாண்டாக்காரன்:
சார், எல்லாம் சரி, கிரேஸ் லோர்ச்சைச் சொன்னால் பிள்ளைகள் எல்லோருமே "நானும் அப்படித்தான் செய்திருப்பேன்" என்று எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அந்த 19,470 பேரில் ஒருவராக எழுதச் சொல்லிப் பாருங்கள்.