சார்ட்.ஜேஎஸ் வரைபடத்தில் மல்லி விலைக் கோடு தரையில் விழுகிறது, உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டின் மல்லி விலையை சார்ட்.ஜேஎஸ் (இணையப் பக்கத்தில் வரைபடம் வரையும் ஜாவாஸ்கிரிப்ட் நூலகம்) வைத்து வரைகிறேன். தரவு சிஎஸ்வி கோப்பில் வருகிறது. கிலோ விலை ஆயிரம் ரூபாயைத் தாண்டிய நாட்களில் கோடு அறுந்தது. "1,200" என்பதில் உள்ள காற்புள்ளிதான் காரணம். அதை நீக்கியதும் சரியாகிவிட்டது.

இப்போது தலைவலி காலிக் கட்டங்கள். விலை பதியாத நாளில் வெற்று எழுத்துச்சரம் 0 ஆகி, கோடு தரையைத் தொடுகிறது. பூ விவசாயி பார்த்தால் பதறிவிடுவார். அங்கே 'நல்' (மதிப்பு இல்லை என்ற குறி) கொடுத்து இடைவெளி விடுவதா, 'ஸ்பேன்கேப்ஸ்' அமைப்பைப் போட்டு இடைவெளியின் இரு பக்கத்தையும் இணைப்பதா? இணைத்தால் இல்லாத விலையைக் காட்டுவதுபோல் ஆகாதா?

அப்புறம் தேதி. "05-01-2025" (ஜனவரி 5) என்பதை ஜாவாஸ்கிரிப்டின் 'நியூ டேட்'டில் கொடுத்தால் குரோம் மே 1 என்கிறது. பொங்கல் நேரத்து விலையேற்றம் கோடையில் போய் நிற்கிறது. லக்சான் அடாப்டரில் (சார்ட்.ஜேஎஸ்ஸுக்குத் தேதியைப் படித்துக் கொடுக்கும் துணை நிரல்) தேதி வடிவத்தைக் குறிப்பிட்டால் போதுமா, முன்பே பிரித்து மாற்றுவது நல்லதா? மூலக் கோப்பை மாற்ற வழியில்லை. செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.