மடிபேசியா, மடக்குபேசியா? என் பரிந்துரை மடிதிரை

வணக்கம்.

திரையே இரண்டாக மடிகிற ஃபோல்டபிள் ஃபோனுக்குத் தமிழில் என்ன சொல்வது என்ற இழையில் இதுவரை மடிபேசி, மடிப்புப்பேசி, மடக்குபேசி, விரிபேசி என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. ‘ஃபோல்டு’ என்றே எழுதிவிடலாம் என்றும் ஒருவர் சொல்லியிருக்கிறார். இந்தக் கருவிகளை ஆரம்பத்திலிருந்தே ஆர்வத்தோடு கவனித்து வருகிறவன் நான். தினமும் கையில் வைத்திருப்பதும் அப்படி ஒன்றைத்தான். அதனால் சொல்லை விட்டுவிட்டுக் கருவியிலிருந்து தொடங்கிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன். கொஞ்சம் நீளமான மடல், பொறுத்துக்கொள்ளுங்கள்.

> மடிபேசி சின்னதாக இருக்கிறது. மடிகிற பேசி என்று உடனே புரியும். இதற்கு மேல் என்ன வேண்டும்?

சொல் சின்னதுதான், வினைத்தொகை, இலக்கணமும் சரி. ஆனால் நம்மிடம் ஏற்கெனவே மடிக்கணினி இருக்கிறது. அங்கே மடி என்பது நாம் உட்கார்ந்தால் கிடைக்கிற மடி. பெயர்ச்சொல் என்பதால் ஒற்று மிகுகிறது. மடிபேசியில் மடி என்பது வினை, அதனால் ஒற்று மிகாது. ஆக, மடிகிற பேசிக்கும் மடியில் வைக்கிற பேசிக்கும் நடுவே நிற்பது ஒரே ஒரு ‘ப்’. கைபேசி, கைப்பேசி இரண்டையும் ஒரே கட்டுரையில் கலந்து எழுதுகிறோம். இந்த ‘ப்’பை மட்டும் எல்லோரும் காப்பாற்றுவார்கள் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பேசியோடு நின்றால்கூடச் சமாளித்துவிடலாம். திரை மடிகிற கணினிகளும் வந்துவிட்டன. லெனோவோவின் திங்க்பேட் எக்ஸ்1 ஃபோல்டு 2020இல் வந்தது. ஏசஸின் சென்புக் 17 ஃபோல்டு 2022இல் வந்தது, அதில் 17.3 அங்குலத் திரை நடுவில் மடியும். மடிபேசியை ஏற்றால் இவற்றை மடிகணினி என்றுதான் சொல்ல வேண்டும். மடிக்கணினிக்குப் பக்கத்தில் மடிகணினி! ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் வாசகர் எழுத்துப்பிழை என்றுதான் நினைப்பார்.

மடிப்புப்பேசி உச்சரிக்கவே கஷ்டம். விரிபேசி, விரித்தால் பெரிதாகிறவற்றுக்குப் பொருந்தும். ஆனால் விரித்த பிறகுதான் சாதாரண ஃபோன் அளவுக்கே வருகிற மோட்டோரோலாவின் இப்போதைய ரேசர், சாம்சங்கின் ஃபிளிப் வகைகளுக்கு அது ஒட்டவில்லை.

மடக்குபேசிக்கு வருகிறேன், இதற்குத்தான் இழையில் அதிக ஆதரவு. காரணமும் நியாயமானது. துணியை, கடிதத்தை, பாயை மடிக்கிறோம். கத்தியை, குடையை, நாற்காலியை மடக்குகிறோம். பொருளே வளைந்து கொடுத்தால் மடிப்பது, ஒரு மூட்டில் திரும்பினால் மடக்குவது. இந்த வேறுபாட்டை யாரும் நமக்குச் சொல்லித்தரவில்லை, நாக்கிலேயே இருக்கிறது. ஃபோனை மூடும்போது கை செய்வது மடக்குகிற வேலைதான். அந்த அளவில் மடக்குபேசி உண்மையான சொல். ‘ஒருவரைப் பேச்சில் மடக்குவது போல இருக்கிறதே’ என்ற ஆட்சேபத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை; மடக்குக் கத்தியைக் கேட்டு யாரும் அப்படி நினைப்பதில்லை.

என் தடை வேறு. மடக்குகிற ஃபோன் புதிதே இல்லை. மோட்டோரோலாவின் ஸ்டார்டாக் 1996இல் வந்தது, ரேசர் வி3 2004இல். இரண்டும் அசல் மடக்குபேசிகள். இரண்டு பாதிகள், நடுவில் கீல். இன்னும் நெருக்கமான எடுத்துக்காட்டு வேண்டுமென்றால் 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் சர்ஃபேஸ் டுயோ. ஆண்டிராய்டில் ஓடுகிற கருவி, 5.6 அங்குலத்தில் இரண்டு தனித் திரைகள், நடுவே கீல், முழு 360 பாகைக்கும் திரும்பும். அதை மடக்கலாம். ஆனால் அதில் எந்தத் திரையும் மடிவதில்லை. சர்ஃபேஸ் டுயோவையும் திரையே மடிகிற சாம்சங் கேலக்ஸி ஃபோல்டையும் ஒரே பெயரால் அழைக்கிற சொல், எது புதிது என்பதையே மறைத்துவிடுகிறது.

புதியது திரை. 2018 இறுதியில் ரொயோல் நிறுவனம் ஃபிளெக்ஸ்பையைக் காட்டியபோதும், 2019இல் சாம்சங் முதல் கேலக்ஸி ஃபோல்டைக் கொண்டுவந்தபோதும் நாம் வாய்பிளந்து பார்த்தது அதைத்தான். வழக்கமாக, தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் அடித்தளம் விறைப்பான கண்ணாடி. இங்கே அதற்குப் பதில் பாலிஇமைடு என்ற பிளாஸ்டிக் படலம். அதன்மேல் ஒளி உமிழும் அடுக்குகள், அதற்கும் மேல் காப்பு அடுக்கு. 2020இல் வந்த கேலக்ஸி இசட் ஃபிளிப்பிலிருந்து அந்தக் காப்பு அடுக்கில் ஏறத்தாழ 30 மைக்ரோமீட்டர் தடிமனுள்ள கண்ணாடி வந்தது. தலைமுடியைவிட மெல்லியது. கண்ணாடியே வளைகிறது என்பது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்தான். ஆனால் நம் விரல் அந்தக் கண்ணாடியைத் தொடுவதில்லை. அதற்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் படலம் ஒட்டியிருக்கிறது. நகம் அழுத்தினால் கோடு விழுவது அந்தப் படலத்தில்.

எனவே என் பரிந்துரை: மடிதிரை. மடிந்த, மடிகிற, மடியும் திரை. இதை வேராக வைத்துக்கொண்டால் மடிதிரைப்பேசி, மடிதிரைக் கணினி, மடிதிரைப் பலகைக்கணினி என்று எதுவும் தடையில்லாமல் வரும். மடித்திரை என்று தவறாக ஒற்றுப் போட்டாலும் குழப்பம் இல்லை, மடியில் வைக்கிற திரை என்று ஒன்று நம் வழக்கில் கிடையாது. சர்ஃபேஸ் டுயோ இருதிரைப்பேசி. பழைய ஸ்டார்டாக் மடக்குபேசி. கேலக்ஸி ஃபோல்டு, கூகுளின் பிக்சல் ஃபோல்டு, இப்போதைய ரேசர் எல்லாம் மடிதிரைப்பேசி.

நீளம் என்பார்கள். ஆங்கிலத்திலும் நாள்பட நாள்பட ஃபோன் என்பதை உதறிவிட்டு ஃபோல்டபிள் என்று மட்டும் சொல்லத் தொடங்கிவிட்டார்கள். நமக்கும் ‘புது மடிதிரை ஒன்று வந்திருக்கிறது’ என்று சொன்னால் போதும். ஃபோல்டு என்றே வைத்துக்கொள்வதில் வேறொரு சிக்கல் இருக்கிறது: ஃபோல்டு, ஃபிளிப் இரண்டும் இப்போது குறிப்பிட்ட தயாரிப்புகளின் பெயர்கள். ஹவாய் மேட் எக்ஸ் பற்றி எழுதும்போது ஃபோல்டு என்றால் படிப்பவருக்குச் சாம்சங்தான் நினைவுக்கு வரும்.

இந்த வேரில் எனக்குப் பிடித்த இன்னொரு விஷயம், அது தனியாக வருவதில்லை. வளைவு நிலையாக இருக்கும் திரை வளைதிரை, 2014இன் கேலக்ஸி நோட் எட்ஜ் போல. மடிந்து விரிவது மடிதிரை. சுருண்டு உள்ளே போவது சுருள்திரை. எல்ஜி 65 அங்குலச் சுருள்திரைத் தொலைக்காட்சியை 2020இல் விற்பனைக்கே கொண்டுவந்தது. லெனோவோ 2025இல் காட்டிய திங்க்புக்கில் 14 அங்குலத் திரை மேல்நோக்கி நீண்டு 16.7 அங்குலம் ஆகும். இம்மூன்றுக்கும் பொதுவாக நெகிழ்திரை. நான்கும் ஒரே அச்சில் வார்த்தவை, ஒன்று தெரிந்தால் மற்றது தானே புரியும்.

உறுப்புகளுக்கு வருவோம். நடுவில் இருக்கும் மூட்டுக்குச் சுழல்பிணைப்பு, திருப்புமூட்டு என்றெல்லாம் புதிதாகச் செய்யத் தேவையில்லை. கீல் இருக்கிறது. கீல்வாதம் என்ற சொல் தெரிந்த எவருக்கும் கீல் தெரியும். என்னைக் கேட்டால் இந்தக் கருவிகளில் விலையையும் ஆயுளையும் தீர்மானிப்பது கீல்தான். 2019 ஏப்ரலில் முதல் கேலக்ஸி ஃபோல்டு விமர்சகர்கள் கைக்குப் போனதும் சில கருவிகளில் திரை பழுதானது. சிலர் மேல் படலத்தை ஒட்டுத்தாள் என்று நினைத்து உரித்துவிட்டார்கள். வேறு சிலவற்றில் கீலின் முனையிலிருந்த சந்து வழியாகத் துகள் நுழைந்து திரையை அடியிலிருந்து முட்டியது. சாம்சங் வெளியீட்டைத் தள்ளிவைத்து, படலத்தின் ஓரத்தைச் சட்டகத்துக்குள் செருகி, கீலின் முனைகளுக்கு மூடி போட்டு, செப்டம்பரில்தான் விற்பனைக்கு விட்டது. அடுத்து வந்த இசட் ஃபிளிப்பில் கீலுக்குள்ளேயே தூசியைத் துடைக்கும் நுண்ணிழைகள் வைத்தார்கள். 2021இல் மூன்றாம் ஃபோல்டு தண்ணீரைத் தாங்கியது. தூசிக்குத் தீர்வு வர இன்னும் சில ஆண்டுகள் பிடித்தன. 2025இன் பிக்சல் 10 புரோ ஃபோல்டு, தூசி புகாது, தண்ணீரையும் தாங்கும் என்று காட்டுகிற ஐபி68 தரத்தோடு வந்தது. ஒரு மடிதிரையை வாங்குகிறவர் கேமராவைப் பார்ப்பதற்கு முன் கீலைப் பார்க்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

திரையின் நடுவில் விழுகிற கோட்டைச் சுருக்கம் என்று எழுதியிருந்தார்கள். திரை என்ற சொல்லுக்கே தோல் சுருக்கம் என்ற பொருள் உண்டு, நரை திரை என்கிறோமே. எனவே திரைச்சுருக்கம் எனக்குக் கூறியது கூறலாகப் படுகிறது. அதைவிட முக்கியம், அது சுருக்கமே இல்லை. பெருவிரலைத் திரையின் குறுக்கே மெதுவாக ஓட்டிப் பாருங்கள்: நடுவில் ஆழமில்லாத ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறும். கறுப்புப் பின்னணியில் விளக்கொளி சாய்வாக விழுந்தால் ஒளி அங்கே நெளியும். வெள்ளைப் பக்கத்தை நேராகப் பார்த்துப் படிக்கும்போது கண்ணுக்குத் தெரியாது. ஒரே இடம் திரும்பத் திரும்ப வளைவதால் அங்கிருக்கும் பிளாஸ்டிக் அடுக்குகளும் பசையும் முழுதாகப் பழைய நிலைக்குத் திரும்புவதில்லை, அவ்வளவுதான். ஆகவே மடிப்புத்தடம். சுருக்கம் என்றால் குறை சொல்வது போல் ஆகிவிடுகிறது; தடம் என்றால் நடப்பதைச் சொல்கிறது.

தடத்தை ஆழமில்லாமல் ஆக்கிய உத்திக்கும் பெயர் வேண்டும். முதல் ஃபோல்டில் இரு பாதியும் மூடிய பிறகு கீலோரம் இடைவெளி இருக்கும். ஒப்போ ஃபைண்ட் என் போன்றவற்றில் திரை கீலுக்குள் நீர்த்துளி வடிவில் அகலமாக வளைந்துகொள்ளும். வளைவின் ஆரம் கூடுவதால் தடம் மெல்லியதாகும், இரு பாதிகளும் ஒட்டி மூடும். சாம்சங்கும் 2023இல் இந்த வழிக்கு வந்தது. இதற்குத் துளிமடிப்பு என்கிறேன்.

வகைகளுக்கு ஏட்டுப்பேசி, சிப்பிப்பேசி என்று ஒரு மடலில் வந்தது. புக், கிளாம்ஷெல் என்ற ஆங்கில உருவகங்களை அப்படியே தூக்கிவந்தது போலிருக்கிறது. சிப்பி என்றதும் நமக்கு முத்துதான் தோன்றும், மடிப்பு தோன்றாது. நாம் தாளை மடிக்கச் சொல்லும்போது நெடுக்கே மடி, குறுக்கே மடி என்கிறோம். அதையே வைத்துக்கொள்ளலாம். மடிப்புத்தடம் மேலிருந்து கீழாக ஓடினால் நெடுக்குமடிதிரை, இடமிருந்து வலமாக ஓடினால் குறுக்குமடிதிரை. திரை உள்ளே போய் மூடினால் உள்மடிப்பு. 2019இன் மேட் எக்ஸ் போலத் திரை வெளியே தெரியும்படி மூடினால் வெளிமடிப்பு.

இரண்டில் எது நல்லது என்று கேட்டிருந்தார்கள். படிக்கிறவருக்கு நெடுக்கு. பிடிஎஃப் பக்கம் பெரிதாக்காமலே முழுதாகத் தெரிகிறது, ஒரு பக்கம் அகராதியும் மறுபக்கம் கட்டுரையும் வைத்துக்கொள்ளலாம். படம் பார்க்க மட்டும் வாங்காதீர்கள். உள்திரை ஏறக்குறையச் சதுரம், அகலத்திரைப் படத்துக்கு மேலும் கீழும் கறுப்புப் பட்டை போய்விடும், சாதாரண ஃபோனைக் கிடைமட்டமாகப் பிடிப்பதைவிட அப்படியொன்றும் பெரிதாகத் தெரியாது. குறுக்கு வகை சட்டைப்பையில் அடங்கும், தன்படத்தை (செல்ஃபி) பின்கேமராவாலேயே எடுக்கலாம். விரித்தால் மற்றபடி வழக்கமான ஃபோன்தான்.

மூன்று பலகைகளாக மடிகிற கருவிகளுக்கு மும்மடி என்ற பெயர் வேண்டாம். மும்மடி என்றால் மூன்று மடங்கு. ஹவாய் மேட் எக்ஸ்டி 2024 செப்டம்பரில் வந்தது, விரித்தால் 10.2 அங்குலம். பலகை மூன்று, ஆனால் மடிப்பு இரண்டு. ஆங்கிலத்தில் பலகையை எண்ணிப் பெயர் வைத்தார்கள், நாம் கீலை எண்ணலாம்: இருகீல் மடிதிரை. மேட் எக்ஸ்டியில் ஒரு மடிப்பு உள்ளே, ஒன்று வெளியே. 2025 இறுதியில் வந்த சாம்சங்கின் கருவியில் இரண்டும் உள்ளே. இருகீல் என்றால் இரண்டுக்கும் பொருந்துகிறது.

இன்னும் முடிவாகாதது ஒன்று. கீல் பாதியில் நின்று, கீழ்ப்பாதி மேசையில் படுத்து, மேல்பாதி நிமிர்ந்திருக்கும் நிலை. காணொலி அழைப்புக்கு நான் அதிகம் பயன்படுத்துவது இதைத்தான். அரைமடக்கு என்று எழுதி வருகிறேன். இங்கே திரையைவிடக் கீலின் வேலைதான் பெரிது என்பதால் மடிப்பு என்று சொல்லாமல் மடக்கு என்று வைத்தேன். மடிதிரை என்ற வேரோடு இது முரண்படுகிறது என்று நினைப்பவர்கள் மாற்றுச்சொல் அனுப்புங்கள். மடிதிரையை ஏற்பவர்கள் அதையும் ஒரு வரியில் சொல்லிவிட்டால் விக்சனரியில் பதிவு தொடங்கிவிடலாம்.

அன்புடன்.