காலையில் ஓட்டம், மாலையில் கயிறு: இடையில் என்ன சாப்பிடுவது?

மானாவாரி (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். விருதுநகர் மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றிலிருந்து இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகி வருகிறேன். 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓடி முடிக்க வேண்டும், அதில் தேறினால் கயிறு ஏறுதல், நீளம் தாண்டுதல், 100 மீட்டர் ஓட்டம் ஆகியவை இருக்கின்றன என்பதால், விடியற்காலையில் பள்ளி மைதானத்தில் ஓட்டமும் மாலையில் கயிறும் தண்டாலுமாகப் பயிற்சியைப் பிரித்து வைத்திருக்கிறேன். என் எடை 62 கிலோ.

மாலையில் கயிற்றில் பாதி உயரம் போவதற்குள் கை தளர்ந்து நழுவிவிடுகிறது. காலையில் ஓடாத ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கயிற்றில் உச்சி வரை ஏறி மணியைத் தொட்டுவிட முடிகிறது. ஓடி முடித்ததும் மைதான வாசலில் இருக்கும் கடையில் ஒரு டீயும் இரண்டு வருக்கியும் சாப்பிடுவேன். வீட்டு வேலைகளை முடித்துவிட்டு இட்லி சாப்பிடப் பத்து மணிக்கு மேல் ஆகிவிடும். மதியம் சோறும் குழம்பும், இரவு பெரும்பாலும் பரோட்டா. தண்ணீர் நிறையவே குடிக்கிறேன், ஆனாலும் பிற்பகலில் தலைவலி வருகிறது.

உடன் ஓடுபவர்களில் ஒருவர் பச்சை முட்டையை உடைத்துக் குடிக்கச் சொல்கிறார், மற்றொருவர் ஊறவைத்த கொண்டைக்கடலை என்கிறார், ஜிம்முக்குப் போகும் நண்பரோ புரோட்டீன் பவுடர் இல்லாமல் எதுவும் ஆகாது என்கிறார். அம்மா கம்மங்கூழைத் தவிர வேறு பேச்சே பேசுவதில்லை. பவுடர் டப்பா வாங்கும் அளவுக்கு வசதி இல்லை. பயிற்சி முடிந்ததும் உண்மையில் எதைச் சாப்பிட வேண்டும், எதைக் குடிக்க வேண்டும்?

களத்துமேடு:

தம்பி, நான் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவன். ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால், உங்கள் கையில் வலு இருக்கிறது என்பதும், காலையில் செலவழித்ததை மாலைக்குள் உடல் ஈடுகட்டவில்லை என்பதும் தெரிகிறது.

தசை தனக்கு வேண்டிய சர்க்கரையைக் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமித்து வைத்திருக்கிறது. வேகமாக ஓடும்போது முதலில் கரைவது அதுதான். முற்றிலும் தீர்ந்துபோனால் மீண்டும் நிரம்ப ஒரு நாள் வரை ஆகலாம், ஆனால் பயிற்சி முடிந்த முதல் சில மணி நேரத்தில் மாவுச்சத்து கிடைத்தால் தசை அதை மற்ற நேரங்களைவிட விரைவாக இழுத்துச் சேமித்துக்கொள்ளும். நாளுக்கு ஒரு முறை மட்டும் பயிற்சி செய்பவருக்கு இந்த அவசரம் தேவையில்லை, ஏனென்றால் அடுத்த நாள் காலைக்குள் அவர் வழக்கமாகச் சாப்பிடும் மூன்று வேளை உணவே போதும். உங்களுக்கு அடுத்த பயிற்சி அன்று மாலையே வருகிறது. அந்த இடைவெளியில் மிகப் பயனுள்ள முதல் மூன்று மணி நேரத்தை நீங்கள் டீயிலும் வருக்கியிலும் கழித்துவிடுகிறீர்கள்.

அரை மணி நேரத்துக்குள் புரதம் உள்ளே போகாவிட்டால் பயிற்சியே வீண் என்று ஜிம்களில் சொல்லப்படுவதை நான் ஏற்பதில்லை. அது குறித்த ஆய்வுகளை 2013இல் தொகுத்துப் பார்த்தபோது, நாள் முழுவதும் உண்ணும் புரதத்தின் அளவு சமமாக இருந்தால் உண்ணும் நேரத்தால் தசை வளர்ச்சியில் பெரிய வேறுபாடு வரவில்லை. உங்களுக்கு விரைவாகத் தேவைப்படுவது மாவுச்சத்தும் உப்பும் நீரும்தான், புரதம் அவற்றோடு சேர்ந்து வந்தால் போதும்.

உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராம் மாவுச்சத்து என்று கணக்கிட்டால் உங்களுக்கு ஏறத்தாழ 60 கிராம் வரும். நெடுந்தூர வீரர்கள் இந்த அளவை மணிக்கு ஒரு முறையாக நான்கு மணி நேரம் வரை உண்பது உண்டு, ஆனால் உங்கள் ஓட்டத்துக்கு அத்தனை தேவையில்லை, ஒரு முறை அந்த அளவில் சாப்பிட்டுவிட்டு மதிய உணவை ஒழுங்காக உண்டால் போதும். நான்கு இட்லியில் அந்த 60 கிராமில் பெரும்பகுதி வந்துவிடும், மீதியை ஒரு வாழைப்பழம் தந்துவிடும். கெட்டியான சாம்பாரும் இரண்டு அவித்த முட்டையும் சேர்ந்தால் புரதம் 20 கிராமைத் தாண்டிவிடும், ஒரு வேளைக்கு அதற்குமேல் உங்கள் எடைக்கு அவசியமில்லை. வீடு திரும்பத் தாமதமாகும் என்றால் மைதானத்திலேயே ஒரு வாழைப்பழமும் ஒரு கடலை மிட்டாயும் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். கோவில்பட்டிக் கடலை மிட்டாய் உங்களுக்கு மிக அருகிலேயே கிடைக்கிறது. வெல்லம் உடனே பயன்படும், கடலையின் புரதம் கூடுதல் வரவு.

பச்சை முட்டை வேண்டாம். வேகவைத்த முட்டையின் புரதத்தில் ஏறத்தாழ 90 விழுக்காடு உடலில் சேர்கிறது, பச்சையாகக் குடித்தால் அதில் ஏறத்தாழப் பாதிதான் சேர்கிறது, சால்மோனெல்லா கிருமியின் அச்சமும் இருக்கிறது. கொண்டைக்கடலையும் அப்படியே: ஊறவைத்ததை வேகவைத்துத் தாளித்துச் சுண்டலாகச் சாப்பிட்டால் செரிமானமும் எளிது, மாலையில் கயிற்றில் ஏறும்போது வயிறும் உப்பாது.

கம்மங்கூழைப் பற்றி அம்மா சொல்வதில் பெரும்பகுதி சரிதான். மாவுச்சத்து, நீர், உப்பு மூன்றும் ஒரே சொம்பில் கிடைக்கின்றன, கெட்டி மோர் ஊற்றிக் கரைத்தால் இன்னும் நல்லது. புரதம் மட்டும் குறைவு என்பதால் பக்கத்தில் சுண்டலோ முட்டையோ இருக்கட்டும்.

வெயிலோட்டம்:

உணவைப் பற்றிக் களத்துமேடு ஐயா சொன்ன பிறகு நான் தலைவலியைப் பற்றி மட்டும் எழுதுகிறேன். நெடுந்தூர ஓட்டக்காரன் என்ற முறையில் இந்தத் தலைவலி எனக்குப் பழக்கமானது.

ஓடும்போது கருநிறச் சட்டை அணிந்து, அது காய்ந்த பிறகு கழுத்தோரமும் முதுகும் எப்படி இருக்கின்றன என்று பாருங்கள். வெள்ளை வெள்ளையாகக் கோடு படிந்திருந்தால் உங்கள் வியர்வையில் உப்பு அதிகம். ஒரு லிட்டர் வியர்வையில் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. சிலருக்கு இதில் பாதி, சிலருக்கு ஒன்றரை மடங்குக்கு மேல். அதை ஈடுகட்டாமல் வெறும் தண்ணீரை மட்டும் குடித்தால் சிறுநீரகம் அதில் பெரும்பகுதியை வெளியே தள்ளிவிடும், குடித்த தண்ணீர் உடலில் தங்காது. பல மணி நேரம் ஓடுபவர்கள் தாகத்துக்கு மிஞ்சித் தண்ணீர் குடித்து இரத்தத்தில் சோடியம் குறைந்து மயங்கி விழுவதும் உண்டு. உங்கள் தூரத்துக்கு அந்த ஆபத்து குறைவு, ஆனாலும் தண்ணீரின் அளவைக் கூட்டிக்கொண்டே போவது தலைவலிக்குத் தீர்வாகாது.

எவ்வளவு குடிப்பது என்பதற்கு எடைக் கருவியே போதும். ஓடுவதற்கு முன்பும், ஓடி முடித்து வியர்வையைத் துடைத்து ஈரச் சட்டையைக் கழற்றிய பின்பும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. குடிப்பதில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும் என்பதால் அடுத்த சில மணி நேரத்தில் ஒன்றரை லிட்டர் வரை சிறிது சிறிதாகக் குடிக்க வேண்டும். சித்திரை வெயிலிலும் மார்கழிப் பனியிலும் இந்த எண் வெவ்வேறாக இருக்கும், அதனால் ஒரு முறை பார்த்ததை ஆண்டு முழுவதும் நம்ப வேண்டாம்.

என்னுடைய தேர்வு நீர்மோர். ஒரு லிட்டர் நீர்மோரில் அரைத் தேக்கரண்டி உப்பு போட்டால் ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் கிடைத்துவிடும். உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறும், சிட்டிகை உப்புச் சேர்த்த பானகமும் அதே வேலையைச் செய்யும், பானகத்தின் வெல்லம் மாவுச்சத்துக் கணக்கிலும் சேரும். பால் உங்களுக்கு ஒத்துக்கொள்ளும் என்றால் அதையும் குறைவாக எண்ணாதீர்கள். சோடியம், பொட்டாசியம், சர்க்கரை, புரதம் எல்லாம் இயற்கையாகவே கலந்திருப்பதால் பயிற்சிக்குப் பின் அது தண்ணீரைவிட அதிக நேரம் உடலில் தங்குகிறது. இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் குறைவு. வியர்வையில் போவது பெரும்பாலும் சோடியம் என்பதால் இளநீரோடு உப்புள்ள ஏதாவது ஒன்றையும் சாப்பிட வேண்டும். கடையில் விற்கும் குளுக்கோஸ் பொடி வெறும் சர்க்கரைதான், அதற்குத் தரும் காசுக்கு இரண்டு சீப்பு வாழைப்பழம் வாங்கலாம். ஓ.ஆர்.எஸ். கலவை வயிற்றுப்போக்குக்காக உருவாக்கப்பட்டது, அன்றாட ஓட்டத்துக்கு அது வேண்டியதில்லை, வியர்வை ஆறாக ஓடிய நாளில் மட்டும் ஒரு பொட்டலத்தைச் சரியாக ஒரு லிட்டர் நீரில் கரைத்துக் குடிக்கலாம்.

இரும்புக்கை:

புரோட்டீன் பவுடரைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன். அது ஊக்கமருந்தும் அல்ல, விஷமும் அல்ல, பால் திரிந்த பின் மிஞ்சும் தெளிநீரிலிருந்து பிரித்தெடுக்கப்பட்ட புரதம். ஒரு கரண்டியில் 20 முதல் 25 கிராம் புரதம் இருக்கும், தண்ணீரில் கலக்கினால் வேலை முடிந்தது. அலுவலகத்துக்கு ஓடும் என்னைப் போன்றவர்களுக்கு அந்த வசதி பெரிது. சமைத்துத் தர ஆளும், சாப்பிட நேரமும் இருப்பவருக்கு அது கட்டாயமில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். எப்போதாவது வாங்கினாலும், பொட்டலம் பிரித்து உதிரியாக விற்பதை வாங்காதீர்கள், போலிகள் அதிகம்.

மானாவாரி:

மிக்க நன்றி. இரண்டு ஐயங்கள். எங்கள் வீட்டில் புரட்டாசி மாதம் முழுவதும் முட்டையும் கறியும் கிடையாது. அப்போது நாள் முழுவதற்குமான புரதத்துக்கு என்ன வழி? மைதான வாசல் டீயை விட்டுவிட வேண்டுமா?

களத்துமேடு:

பயிற்சி செய்பவருக்குக் கிலோவுக்கு 1.4 முதல் 1.6 கிராம் புரதம் என்று வைத்தால் உங்களுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 85 முதல் 100 கிராம் வேண்டும். கேட்க மலைப்பாக இருக்கும், ஆனால் நீங்கள் உண்ணும் அரிசியிலும் கம்பிலுமே ஒரு பங்கு வந்துவிடுகிறது: நாளுக்கு 400 கிராம் தானியம் உள்ளே போனால் 28 கிராம் வரை. பருப்பும் பயறுமாக 75 கிராம் எடுத்தால் ஏறத்தாழ 17 கிராம், அரை லிட்டர் பாலும் தயிருமாக 16 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலையில் 10 கிராம். மீதியை நிரப்ப மீல்மேக்கரைவிட மலிவான வழி எனக்குத் தெரியவில்லை. காய்ந்த உருண்டையில் பாதி எடை புரதம்தான், 30 கிராமை ஊறவைத்துப் பிழிந்து குழம்பில் போட்டால் 15 கிராம் கிடைக்கும். பொட்டுக்கடலை மாவைப் பாலில் கரைத்துக் குடிப்பதும் நல்ல பழக்கம். புரட்டாசி முடிந்த பிறகு மத்தி மீன் மலிவாகக் கிடைக்கும் நாள்களில் அதை விட்டுவிடாதீர்கள்.

இரவுப் பரோட்டாவைத் தடுக்க மாட்டேன், ஆனால் மாலைப் பயிற்சிக்குப் பிறகு வெறும் சால்னாவோடு முடித்தால் புரதக் கணக்கு அங்கேதான் துண்டு விழும்.

டீயை விட வேண்டாம். அளவான டீ உடலின் நீரை வற்றச் செய்வதில்லை. பருப்பும் தானியமும் உண்ணும்போது கூடவே டீ குடித்தால் அவற்றிலுள்ள இரும்புச்சத்து உடலில் சேர்வது குறையும் என்பதால், சாப்பாட்டிலிருந்து ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். வருக்கியின் இடத்தில் வாழைப்பழம் வரட்டும்.

இரவுப்பணி:

நான் செவிலியர். ஒரு செய்தியைச் சேர்க்க வேண்டியிருக்கிறது. உடல்தகுதித் தேர்வு நெருங்கும் வாரங்களில் பிள்ளைகள் ஓடி முடித்த கையோடு தசைவலிக்கு மாத்திரை போட்டுக்கொள்வதைப் பார்க்கிறேன். உடலில் நீர் குறைந்திருக்கும் நேரத்தில் ஐபுபுரூஃபன், டைக்ளோஃபினாக் போன்ற மாத்திரைகள் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தத்தை மேலும் குறைத்துவிடும். பழக்கமில்லாத பயிற்சிக்குப் பின் வரும் தசைவலி முதல் மூன்று நாள்களுக்குள் உச்சத்தைத் தொட்டுத் தானாகவே தணியும். எந்த உணவும் அதை ஒரே இரவில் போக்கிவிடாது, மாத்திரையும் தேவைப்படாது. ஆனால் வலியோடு தசை வீங்கி, சிறுநீர் கறுப்பு டீ நிறத்தில் போனால், அது தசை நார்கள் சிதைந்து இரத்தத்தில் கலப்பதன் அறிகுறி. நீர்மோர் குடித்துக்கொண்டு வீட்டில் காத்திருக்காமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். சிறுநீரக நோயோ உயர் இரத்த அழுத்தமோ உள்ளவர்கள் மேலே சொன்ன உப்பு, இளநீர், புரத அளவுகளை மருத்துவரைக் கேட்காமல் பின்பற்றக் கூடாது.

பிறைநிலா:

நானும் இதே தேர்வுக்குத்தான் பயிற்சி எடுக்கிறேன். ரமலானில் நோன்பு வைத்துக்கொண்டு ஓடும்போது பயிற்சிக்குப் பின் எதுவும் குடிக்க முடியாதே, அப்போது நேரத்தை எப்படி அமைத்துக்கொள்வது?

களத்துமேடு:

விடியற்கால ஓட்டத்தை அந்த மாதத்தில் நிறுத்திவிடுங்கள் அம்மா, ஓடி இழந்த நீரை மாலை வரை ஈடுகட்ட முடியாது. நோன்பு திறப்பதற்கு முக்கால் மணி நேரம் முன்பு மெதுவான ஓட்டமும் நுட்பப் பயிற்சியும் செய்து, பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தோடும் தண்ணீரோடும் தொடங்குங்கள். அடுத்து வரும் நோன்புக் கஞ்சியில் அரிசி, பருப்பு, உப்பு, நீர் எல்லாம் சேர்ந்தே இருப்பதால் பயிற்சிக்குப் பின் அதைவிடப் பொருத்தமான உணவைத் தேட வேண்டியதில்லை. கறி போட்ட கஞ்சி என்றால் புரதமும் கூடும், இல்லையென்றால் ஒரு முட்டையைச் சேர்த்துக்கொள்ளுங்கள். வடையும் சமோசாவும் அதற்குப் பிறகு இருக்கட்டும். வேக ஓட்டம், நீளம் தாண்டுதல் போன்ற கடுமையான பயிற்சிகளைத் தராவீஹ் என்ற இரவுத் தொழுகைக்குப் பிறகு வைத்துக்கொண்டால், இரவிலும் விடியலுக்கு முந்தைய சஹர் உணவின்போதும் பாலும் மோருமாகப் பிரித்துப் பிரித்துக் குடிக்க நேரம் கிடைக்கும். தலைசுற்றல் வந்தால் அன்றைய பயிற்சியை அந்த இடத்திலேயே நிறுத்திவிடுங்கள்.