மாமரம் முழுக்க முசுறு, மருந்தடிக்கலாமா?

கண்டனூர்ப் பேரன்:
ஊர் வீட்டில் பின்கட்டை ஒட்டி ஒரு மாமரம். காய் பறிக்கலாம் என்று கிளையைப் பிடித்ததும் கழுத்துவரை ஏறிக் கடித்துவிட்டன. செம்மஞ்சள் நிற எறும்புகள், நீளக் கால், இலைகளைப் பந்துபோல ஒட்டிக் கூடு கட்டியிருக்கின்றன. அப்பத்தா “முசுறுடா, அதுபாட்டுக்கு இருக்கட்டும்” என்கிறார். தோட்டத்துக்கு வருபவரோ மருந்தடிக்கச் சொல்கிறார். இவை எதைத் தின்னும்? இவற்றைத் தின்ன எதுவும் இல்லையா?

பள்ளத்தூர் தோட்டக்காரன்:
அப்பத்தா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. நீங்கள் பார்த்தது பெரிய வேலைக்கார எறும்பு, 8 முதல் 10 மி.மீ. இருக்கும். அதில் பாதி அளவுள்ளவை பெரும்பாலும் கூட்டுக்குள்ளேயே குஞ்சு பார்க்கும். ராணி பச்சை கலந்த பழுப்பு, 2 செ.மீ.க்கு மேல். அப்புறம், இலைகளை ஒட்டுவது பசை இல்லை. ஒன்றின் இடுப்பை இன்னொன்று கவ்விச் சங்கிலியாகத் தொங்கி இலை ஓரங்களை இழுத்து நெருக்கிப் பிடிக்கும், வேறு சில தங்கள் குஞ்சான புழுவை வாயில் தூக்கி வந்து கண்டாங்கித் தறியில் நாடா ஓடுவதுபோல இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் ஆட்டும், புழு விடுகிற நூல்தான் தையல்.

கம்பளிப்புழு, வண்டு என்று அகப்பட்டதையெல்லாம் காலுக்கு ஒன்றாக இழுத்துப் பிடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோகும். சீனாவில் 1,700 வருடங்களுக்கு முன்பே ஆரஞ்சு மரங்களில் இதற்காகவே விட்டார்கள். ஒரு குறை, மாவுப்பூச்சி விடும் இனிப்புநீருக்காக அதைக் காவல் காத்து வளர்க்கும். அந்தக் கிளையை மட்டும் வெட்டிவிடுங்கள். கொடுக்கு கிடையாது, கடித்த இடத்தில் அமிலத்தைப் பீய்ச்சுவதால்தான் அந்த எரிச்சல். ஏறுமுன் கையில் சாம்பல் பூசுங்கள்.

சிலந்திப் பைத்தியம்:
எதிரி அங்கேயே இருக்கலாம். முசுறு மாதிரியே நிறமுள்ள ஒரு நண்டுச் சிலந்தி, பின்பக்கம் கண்போல இரண்டு கரும்புள்ளி. கிட்டே வரும் முசுறைக் கடித்து, நூலில் தொங்கியபடியே உறிஞ்சும். அதே வேஷத்தில் ஒரு தாவும் சிலந்தியும் உண்டு, அது முசுறைத் தின்பதில்லை, பயந்து விலகும். காலை எண்ணுங்கள், எட்டு என்றால் சிலந்தி.

தேவகோட்டை சாப்பாட்டு ராமன்:
மனிதனையும் சேருங்கள். ஒடிசா மயூர்பஞ்சில் இதை அரைத்துச் செய்யும் துவையலுக்கு 2024இல் புவிசார் குறியீடே கிடைத்தது.

கண்டனூர்ப் பேரன்:
மருந்து வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். இன்று காலை நூலில் ஏதோ தொங்கியது, காலை எண்ணி முடிப்பதற்குள் ஒரு முசுறு காதுக்குள் போய்விட்டது. சரி, சாம்பலுக்கு எங்கே போவது? வீட்டில் கேஸ் அடுப்புதான்.