காலையில் டிக் டிக், ஏற்றத்தில் டொக் டொக்: ஹைலக்ஸ் கெப் எஞ்சினை இறக்கத்தான் வேண்டுமா?

கந்தப்பளை மரக்கறிக்காரன்

வணக்கம். கந்தப்பளையிலிருந்து கரட், லீக்ஸ், கோவா ஏற்றிக்கொண்டு தம்புள்ளை பொருளாதார மத்திய நிலையத்துக்குப் போய்வரும் ஹைலக்ஸ் கெப் ஒன்றை வைத்திருக்கிறேன். 1கேடி எனப்படும் 3.0 லீற்றர் கொமன் ரெயில் (எல்லா சிலிண்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும்) டீசல் எஞ்சின். சில வாரங்களாக, விடியற்காலையில் ஸ்டார்ட் செய்ததும் எஞ்சினின் மேல்பக்கத்தில் டிக் டிக் என்று மெல்லிய, வேகமான தட்டல் கேட்கிறது. சூடேறியதும் அது தணிகிறதே தவிர முற்றாக நிற்பதில்லை. அதைவிடக் கவலை தருவது, திரும்பி வருகையில் உர மூட்டைகளுடன் இறம்பொடை ஏற்றத்தில் நான்காம் கியரிலேயே இழுக்கும்போது கேட்கும் கனத்த டொக் டொக் சத்தம்தான்.

ஒரு கராஜில் காட்டியபோது, பொனட்டைத் திறந்து சற்று நேரம் காது கொடுத்துவிட்டு, பிஸ்டன் தண்டின் அடியில் உள்ள பிக் எண்ட் பெயாரிங் போய்விட்டது, எஞ்சினை இறக்கத்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். ஒயில் விளக்கு இதுவரை எரிந்ததில்லை. எஞ்சினை இறக்குவதென்றால் கடன்பட வேண்டி வரும் என்பதால், அதற்கு முன் எவற்றைச் சோதிக்கலாம் என்று விடயம் தெரிந்தவர்கள் அறியத்தந்தால் பேருதவியாக இருக்கும்.

ஹட்டன் டீசல் பாஸ்

தம்பி, முதலில் அந்த இரண்டு சத்தங்களையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம். அவை ஒரே கோளாறிலிருந்து வரலாம், வராமலும் போகலாம். காதால் மட்டும் கேட்டு பெயாரிங் என்று தீர்ப்புச் சொல்வது எந்தக் கராஜுக்கும் அழகல்ல.

ஒயில் விளக்கு எரியவில்லை என்பதை நற்சான்றாகக் கொள்ளாதீர்கள். அழுத்தம் ஏறக்குறைய இல்லாமற்போன பிறகுதான் அந்த விளக்கு எரியும். ஒயில் சுவிட்சைக் கழற்றி, அந்த இடத்தில் அழுத்தமானியைப் பூட்டி, எஞ்சின் நன்றாகச் சூடான நிலையில் ஐட்லிங்கிலும் 3000 சுற்றிலும் அளந்து, கிடைக்கும் அளவைத் திருத்தக் கையேட்டுடன் ஒப்பிட வேண்டும். பெயாரிங் தேய்ந்திருந்தால், ஒயில் சூடாகி மெலிந்த பின்புதான் அழுத்தம் சரியும், சத்தமும் அப்போதுதான் கூடும். உங்கள் காலைச் சத்தமோ சூடேறத் தணிகிறது. அது பெயாரிங்கின் குணம் அல்ல.

காலை நேரத்து டீசல் தட்டலுக்கு நம் பக்கத்தில் வேறொரு காரணமும் உண்டு. நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1868 மீற்றர் உயரத்தில் இருப்பதால், காற்றின் அழுத்தம் கொழும்பைவிட ஐந்தில் ஒரு பங்களவு குறைவு. காற்றும் குறைவு, குளிரும் அதிகம் என்னும்போது, அமுக்கப்பட்ட காற்று போதிய அளவு சூடாவதற்குள் டீசல் சிறிது நேரம் எரியாமல் சேர்ந்து, பிறகு ஒரேயடியாகப் பற்றிக்கொள்கிறது. அந்த அடியைத்தான் நாம் தட்டலாகக் கேட்கிறோம். ஆகவே குளிர்ந்த எஞ்சின் சற்றே தட்டுவது மட்டும் நோய்க்குறி ஆகாது. ஏற்றத்தில் நான்காம் கியரில் குறைந்த சுற்றில் இழுப்பதும் எந்த டீசல் எஞ்சினையும் தட்ட வைக்கும். மூன்றாம் கியருக்கு இறக்கியதும் சத்தம் போய்விடுகிறதா என்பதைக் கவனித்து எழுதுங்கள்.

டிப்ஸ்டிக்கையும் பாருங்கள், ஆனால் வீட்டு வாசல் சரிவில் வைத்து அல்ல, சமதரையில் நிறுத்தி. ஒயில் குறைவாக இருந்தால், செங்குத்தான ஏற்றத்தில் அது சம்பின் (எஞ்சினடியில் ஒயில் தங்கும் தட்டின்) ஒரு பக்கத்துக்கு ஒதுங்கிவிட, உறிஞ்சும் குழாய் காற்றை இழுக்கும். ஏற்றத்தில் மட்டும் கேட்கும் சத்தங்களில் சிலவற்றுக்கு மூலம் அதுதான். அடுத்த சேர்விஸில் பழைய ஃபில்டரை எறிந்துவிடாமல் அறுத்து, உள்ளிருக்கும் தாளை விரித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். செம்பு நிறத்தில் அல்லது வெள்ளியாக மினுங்கும் துகள்கள் இருந்தால் மட்டுமே பெயாரிங் பற்றிப் பேசலாம்.

வெலிமடை பழைய சாரதி

பாஸ் சொன்னவற்றோடு ஒன்றைச் சேர்க்கிறேன். எக்சோஸ்ட் மேனிஃபோல்ட் (எஞ்சினிலிருந்து புகை வெளியேறும் குழாய்) கேஸ்கட் ஊதினாலும், வால்வைத் தள்ளும் டெப்பட் அடிப்பதைப் போலவே டிக் டிக் என்று கேட்கும். இரும்பு சூடாகி விரிந்ததும் இடைவெளி அடைபட்டுச் சத்தம் குறைந்துவிடும். மேனிஃபோல்ட் ஓரத்தில் கரி படிந்த தடம் இருக்கிறதா என்று டோர்ச் அடித்துப் பாருங்கள்.

எந்த சிலிண்டர் என்று கண்டுபிடிப்பது சுலபம். என்னுடைய பழைய எல்200 வண்டியில், ஐட்லிங்கில் நொசல் பைப் (சிலிண்டருக்கு டீசல் கொண்டுபோகும் குழாய்) நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்துவோம். எதைத் தளர்த்தும்போது தட்டல் அடங்குகிறதோ, அந்த சிலிண்டரில்தான் கோளாறு. நீங்களும் அப்படியே செய்து பார்க்கலாம்.

தலவாக்கலை ஸ்கேனர்

ஐயா, தாங்கள் கூறும் முறை பம்பு வைத்த பழைய எஞ்சின்களுக்குப் பொருந்தும். கொமன் ரெயில் எஞ்சினில் தயவுசெய்து எவரும் அதைச் செய்ய வேண்டாம். எஞ்சின் ஓடும்போது ரெயிலில் நூற்றுக்கணக்கான பார் அழுத்தம் இருக்கும், மிதித்தால் ஆயிரத்தையும் தாண்டும். தளர்ந்த நட்டிலிருந்து பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்துச் சதைக்குள் இறங்கிவிடும். வெளியே ஊசி குத்திய அடையாளம் மட்டுமே தெரியும், ஆனால் உடனே சத்திரசிகிச்சை செய்யாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம்.

இந்த எஞ்சினில் அதே சோதனையை, எஞ்சின் கணினியுடன் இணைக்கும் ஸ்கேனர் மூலம் செய்யலாம். சிலிண்டருக்குள் டீசலைத் தெளிக்கும் இன்ஜெக்டர்களை ஒவ்வொன்றாக நிறுத்தும்போது சத்தம் சிறிதும் மாறவில்லை என்றால், டெப்பட், பெல்ட் பக்கம், ஓல்டர்னேட்டர் போன்றவற்றைச் சந்தேகிக்க வேண்டும். ஒரு சிலிண்டரை நிறுத்தியதும் தட்டல் அடங்கினால், கோளாறு அந்த சிலிண்டரில் உள்ளது என்பது மட்டுமே உறுதி. பெயாரிங் சத்தமும் அப்போது தணியும் என்பதால், அதை மட்டும் வைத்து இன்ஜெக்டரா பெயாரிங்கா என்று பிரித்தறிய முடியாது. பாஸ் கேட்ட ஒயில் அழுத்த அளவு அங்கேதான் கைகொடுக்கும்.

அத்துடன் ஐட்லிங்கில் ஒவ்வொரு இன்ஜெக்டருக்குமான திருத்த அளவையும் (எஞ்சின் கணினி கூட்டியோ குறைத்தோ கொடுக்கும் டீசல் அளவு) வாசிக்கச் சொல்லுங்கள். சூடான எஞ்சினில் பொதுவாக அது கூட்டியோ குறைத்தோ 3 கன மில்லிமீற்றருக்குள் நிற்க வேண்டும். கடைசியாக, எஞ்சின் ஓடும்போது ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி, உள்ளங்கையை மேலே பிடித்துப் பாருங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

கந்தப்பளை மரக்கறிக்காரன்

எல்லோருக்கும் மிக்க நன்றி. மூன்றாம் கியருக்கு இறக்கினால் டொக் டொக் சத்தம் அறவே இல்லை. நுவரெலியாவில் வேறொரு கராஜில் அழுத்தமானி பூட்டி அளந்தார்கள். சூட்டிலும் அளவு கையேட்டின் வரம்புக்குள்ளேயே நிற்கிறது, என்றாலும் அதன் கீழ் எல்லைக்குக் கிட்ட. மேனிஃபோல்டில் கரித்தடம் இல்லை. இரண்டாம் இன்ஜெக்டரின் திருத்த அளவு 4ஐத் தாண்டுகிறது. அதை நிறுத்தியதும் டிக் டிக் பெருமளவு அடங்கிவிட்டது. மூடியைக் கழற்றிக் கையைப் பிடித்தபோது, புஸ் புஸ் என்று விட்டுவிட்டுச் சூடான காற்று அடித்தது. மூடியின் உட்புறத்தில் தார் போலக் கறுத்த பிசின் ஒட்டியிருக்கிறது.

தலவாக்கலை ஸ்கேனர்

நான் எதிர்பார்த்ததும் அந்தக் காற்றைத்தான். இன்ஜெக்டரின் அடியில் உள்ள செம்பு வொஷர் கசிந்தால், எரியும் வாயு வெளியே வருவதில்லை. இந்த எஞ்சினின் அமைப்பில் அது ரொக்கர் கவருக்குள் (எஞ்சினின் மேல்மூடிக்குள்) ஊதி, ஒயிலோடு கரியைக் கலக்கிறது. 1கேடி எஞ்சினுக்குப் பல நாடுகளிலும் அறியப்பட்ட கோளாறு இது. பிஸ்டன் ரிங் தேய்ந்தாலும் மூடி வழியாகக் காற்று வரும் என்பதால், கம்ப்ரெஷனையும் (சிலிண்டருக்குள் காற்று அமுக்கப்படும் அழுத்தம்) ஒருமுறை அளப்பது நல்லது. அது நான்கு சிலிண்டர்களிலும் சமமாக இருந்தால், எல்லா வொஷர்களையும் சீல்களையும் மாற்றி, வொஷர்கள் அமரும் இடங்களைச் சுத்தம் செய்து, இரண்டாம் இன்ஜெக்டரைச் சோதனை மேசையில் வைத்துப் பார்க்க வேண்டும்.

ஹட்டன் டீசல் பாஸ்

அழுத்தம் கீழ் எல்லையில் நிற்பதற்கும் அந்தத் தார்தான் காரணமாக இருக்கலாம். வொஷர் மாற்றும் அன்றே கீழ்ச் சம்பைக் கழற்றி, ஒயில் உறிஞ்சும் வலையைப் பார்க்கச் சொல்லுங்கள். வொஷரை மாற்றிவிட்டு வலையை அடைபட்டபடியே விட்டால், இன்று இல்லாத பெயாரிங் கோளாறு பின்னர் உண்மையாகவே வந்து சேரும். அதுவரை பாரம் ஏற்ற வேண்டாம். வேலை முடிந்து புது ஒயிலும் ஃபில்டரும் போட்ட பிறகு, அழுத்தத்தை மறுபடி அளந்து இங்கே எழுதுங்கள்.