எங்கள் இலக்கம், எவரோ எடுத்த அழைப்பு: நேர்ந்தவர்களின் அனுபவங்கள்

திருநெல்வேலியிலிருந்து

யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இருக்கும் எங்கள் கடையின் தொலைபேசி இலக்கத்தைத் தமது அழைப்புகளில் காட்டி எவரோ மோசடி செய்தார்கள். அந்த அழைப்புகளை நாங்களே எடுத்தோம் என்று நம்பி, பணத்தை இழந்தவர்கள் எங்களிடம் கணக்குக் கேட்டார்கள். இதே நிலை யாழ்ப்பாணத்தில் வேறு வீடுகளுக்கும் நேர்ந்திருப்பதை அறிந்த பிறகு, நடந்ததை முழுமையாக எழுதிவைக்க வேண்டும் என்று தோன்றியது.

பாடசாலை உபகரணங்களும் புத்தகங்களும் விற்கும் எங்கள் கடை பல்கலைக்கழகத்துக்கு அண்மையில் இருக்கிறது. 021 என்று தொடங்கும் அதன் நிலையான இணைப்பு இலக்கம் அப்பாவின் காலத்திலிருந்து மாறவில்லை. பெயர்ப்பலகையிலும் பற்றுச்சீட்டிலும் அது அச்சிடப்பட்டிருப்பதால், எவர் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளக்கூடிய இலக்கமாகவே இருந்தது.

முதலில் எடுத்தவர் கிளிநொச்சியைச் சேர்ந்த ஓர் அம்மா. “காலமை வங்கியிலயிருந்து கதைச்ச தம்பியை ஒருக்காக் கூப்பிடுங்கோ, காசு இன்னும் திரும்பி வரேல்லை” என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். அட்டை முடக்கப்படப் போகிறது என்று அவரைப் பயமுறுத்தி, கைத்தொலைபேசிக்கு வந்த இரகசிய இலக்கத்தை வாசிக்கச் செய்து, கணக்கில் இருந்ததை எடுத்திருக்கிறார்கள். சோதனைக்காக எடுத்த பணம் பின்னேரம் திரும்பிவிடும் என்று சொல்லப்பட்டதை அவர் அந்த நேரம் வரையிலும் நம்பியிருந்தார். இது வங்கி அல்ல, புத்தகக் கடை என்று நான் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தாம் ஏமாற்றப்பட்டது தெரிந்ததும் என்னைத் திருடன் என்று நினைத்ததும் ஒரே நொடியில் நடந்தன. அவரை நான் இன்றுவரை குறை சொல்லவில்லை. அவருடைய கையில் இருந்த ஒரே தடயம் திரையில் இருந்த எங்கள் இலக்கம்தான்.

அதன் பின்னர் அழைப்புகள் தொடர்ந்தன. சிலர் ஏசினார்கள், சிலர் அழுதார்கள், சிலர் நாங்கள் பேசத் தொடங்கும் முன்பே பொலிசுக்குப் போவதாகச் சொல்லி வைத்துவிட்டார்கள். சங்கானைப் பக்கத்திலிருந்து ஒருவர் தமது மைத்துனரையும் கூட்டிக்கொண்டு நேரில் வந்தார். கைத்தொலைபேசித் திரையை என் முகத்துக்கு நேரே நீட்டி, “இது உங்கட நம்பர் தானே? இல்லையெண்டு சொல்லுங்கோ பாப்பம்” என்றார். இலக்கம் எங்களுடையதுதான், அழைப்பு எங்களுடையது அல்ல என்று நான் சொன்ன பதில், உண்மையாக இருந்தும், பொய்யனின் பதிலைப் போலத்தான் அவருக்குக் கேட்டிருக்கும்.

இந்த விடயத்தில் என்னை மிகவும் வருத்தியது வேறொன்று. கடையில் நிற்கும் பையன் வன்னியிலிருந்து வந்து வேலை செய்பவன். வந்தவர்கள் என்னை விட்டுவிட்டு அவனைப் பார்க்கத் தொடங்கினார்கள். “அவன்ர போனைத் தாங்கோ” என்று கேட்டார்கள், நான் மறுத்தேன். அன்று மாலையே எங்கள் சொந்தக்காரர் ஒருவர், முதலாளிக்குத் தெரியாமல் வேலைக்காரர் செய்வது வழமைதானே, எதற்கும் அவனை நிற்பாட்டிவிடு என்று அறிவுரை சொன்னார். பண்டிகைக்கு ஊருக்குப் போகக்கூட முன்கூட்டியே அனுமதி கேட்கும் பிள்ளை அவன். ஆதாரம் எதுவும் இல்லாத நிலையில், சந்தேகம் எங்கள் ஊரில் எப்போதும் ஏழையையும் வெளியூரானையும் தேடிப்போய் அமர்வதை நான் அநியாயம் என்றே சொல்வேன். அவன் இப்போதும் எங்களோடுதான் வேலை செய்கிறான்.

அழைப்பவரின் பெயரைக் காட்டும் செயலி ஒன்று இன்னொரு தொல்லையைத் தந்தது. பாதிக்கப்பட்டவர்கள் முறையிட முறையிட, எங்கள் இலக்கம் அதில் மோசடி என்று சிவப்பு நிறத்தில் குறிக்கப்பட்டது. கேட்ட புத்தகம் வந்துவிட்டது என்று சொல்வதற்காக நாங்கள் உண்மையாகவே எடுத்த அழைப்புகளுக்கு வாடிக்கையாளர்கள் பதிலளிக்காமல் விட்டார்கள்.

இணைப்பை வழங்கும் நிறுவனத்தின் கருமபீடத்தில் இருந்தவர், உங்கள் இலக்கம் விழுந்தால் உங்கள் இணைப்பிலிருந்துதான் போயிருக்கும் என்று எங்களை அனுப்பிவிடப் பார்த்தார். தொழில்நுட்பப் பிரிவில் இருந்த மூத்த உத்தியோகத்தர் ஒருவரே பொறுமையாக இருத்தி விளக்கினார். கடித உறையின் பின்புறத்தில் அனுப்புநரின் முகவரியை யாரும் எதை வேண்டுமானாலும் எழுதலாம். தபாற்காரர் அதைச் சரிபார்ப்பதில்லை. திரையில் தெரியும் இலக்கமும் அழைப்பைத் தொடக்கும் பக்கம் எழுதி அனுப்பும் தகவல்தான். வலையமைப்புகள் தமக்குள் பேசிக்கொள்ளும் எஸ்.எஸ்.7 என்ற சமிக்ஞை முறை 1970களில் வடிவமைக்கப்பட்டது. தொலைபேசி வலையமைப்பை நடத்தியவர்கள் அரசுத் திணைக்களங்களும் ஒருசில பெரிய நிறுவனங்களுமாக இருந்த அந்தக் காலத்தில், மற்றவர் தரும் இலக்கம் பொய்யாக இருக்கும் என்று எண்ண வேண்டிய தேவை இருக்கவில்லை. இணையவழி அழைப்பு வந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அதில் பரவலாகப் பயன்படும் எஸ்.ஐ.பி. என்ற நெறிமுறையில் அனுப்புநருக்கு உரிய இடத்தை அழைப்பவரின் மென்பொருளே நிரப்புகிறது. ஏற்றுக்கொள்ளும் சேவை வழங்குநர் சரிபார்க்காவிட்டால் அது அப்படியே மறுமுனைக்குப் போய்ச் சேர்கிறது.

அப்படியானால் இதை முற்றாகத் தடைசெய்யலாமே என்று கேட்டேன். பல மேசைகள் கொண்ட ஒரு வைத்தியசாலையோ அலுவலகமோ எந்த மேசையிலிருந்து எடுத்தாலும் தனது பொது இலக்கத்தையே காட்டுவது நியாயமான தேவை என்றும், அதற்காக விடப்பட்ட வழியைத்தான் திருடர்களும் பயன்படுத்துகிறார்கள் என்றும் அவர் சொன்னார்.

அவர் சொன்னவற்றுள் எங்களைக் காப்பாற்றிய செய்தி இதுதான்: எங்கள் இலக்கத்தைக் காட்டிய அந்த அழைப்பு எங்கள் கம்பியையோ எங்கள் கருவியையோ தொட்டதே இல்லை. ஆகவே எங்கள் பக்கத்துப் பதிவில் அது இருக்காது. அழைப்பைப் பெற்றவரின் நிறுவனத்தில்தான், அது எந்த வலையமைப்பின் வழியாக உள்ளே வந்தது என்ற பதிவு இருக்கும். அந்தப் பதிவைச் சாதாரண வாடிக்கையாளருக்குக் கொடுக்கமாட்டார்கள். பொலிஸ் விசாரணை ஊடாகவே கேட்க வேண்டும்.

நாங்கள் எழுத்து மூலம் விண்ணப்பித்து, குறித்த நாட்களில் எங்கள் இணைப்பிலிருந்து வெளியே சென்ற அழைப்புகளின் விபரத்தைப் பெற்றுக்கொண்டோம். சங்கானைக்காரரை மீண்டும் கடைக்கு அழைத்து, அவருடைய கைத்தொலைபேசியில் பதிவாகியிருந்த நேரத்தையும் எங்கள் பட்டியலையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கச் சொன்னேன். அந்த நேரத்தில் எங்கள் இணைப்பிலிருந்து எந்த அழைப்பும் போயிருக்கவில்லை. அவர் நெடுநேரம் பார்த்துவிட்டு, “அப்ப ரெண்டு பேரையும் தான் ஏமாத்திப்போட்டாங்கள்” என்றார். மறுநாள் இருவரும் சேர்ந்தே பொலிஸ் நிலையத்துக்குப் போனோம். பணத்தை இழந்தவராக அவரும், இலக்கத்தை இழந்தவனாக நானும் ஒரே சம்பவத்தைப் பற்றிய முறைப்பாடுகளைப் பதிந்தோம். குற்றஞ்சாட்டியவரும் சாட்டப்பட்டவரும் எதிரெதிரே நிற்கும் வரையில் உண்மையான திருடனை எவரும் தேடமாட்டார்கள் என்பது என் உறுதியான எண்ணம்.

சாவகச்சேரியிலிருந்து

திரையில் விழும் இலக்கத்தை நம்பக்கூடாது என்பதை நாங்கள் வேறு விதமாக முன்னரே அறிந்திருக்க வேண்டியவர்கள். மகன் இலண்டனிலிருந்து மலிவான அழைப்பு அட்டை வாங்கி எடுத்த காலத்தில், எங்கள் கைத்தொலைபேசியில் பல தடவை உள்ளூர் இலக்கம் ஒன்றுதான் விழும். வெளிநாட்டு அழைப்பை இணையத்தின் வழியாகக் கொண்டுவந்து, பல சிம் அட்டைகள் செருகிய ஒரு பெட்டியால் உள்ளூர் அழைப்பாக மாற்றி, சர்வதேசக் கட்டணத்தைத் தவிர்க்கும் களவுத் தொழில் அது. அந்த இலக்கத்துக்குத் திருப்பி எடுத்தால் மகன் வரமாட்டான்.

இவ்வளவும் தெரிந்திருந்தும், என் மனைவியின் இலக்கத்திலிருந்து இரவு வேளையில் ஆபாசமான அழைப்பு வந்ததாக அயலூர்க் குடும்பம் ஒன்று சொன்னபோது ஊர் அதை உடனே நம்பியது. கோயில் திருவிழாவில் முகம் கொடுத்துப் பேசாமல் விலகினார்கள். பணம் போனால் கணக்கு உண்டு, காலம் உண்டு, பதிவு உண்டு. ஒரு பெண்ணின் பெயரைப் பற்றிச் சொல்லப்பட்டதற்கு எந்தப் பட்டியலைக் காட்டுவது? இறுதியில் அந்தக் குடும்பத்தின் மூத்த மகளே, அழைத்தவர் ஆண் என்றும், எங்கள் வீட்டில் இருப்பவர் எவருடைய குரலும் அல்ல என்றும் முன்வந்து சொன்னாள். முதல் நாளே அவளிடம் எவராவது கேட்டிருந்தால் இத்தனையும் நடந்திருக்காது.

கொக்குவிலைச் சேர்ந்தவர், ரொறன்ரோவிலிருந்து

எனக்கும் இங்கே இது நேர்ந்தது. அறியாதவர்கள் எடுத்து, “எனக்கு ஏன் எடுத்தீர்கள்” என்று கோபமாகக் கேட்டார்கள். வருமான வரித் திணைக்களம் என்று சொல்லி எவரோ என் இலக்கத்தைக் காட்டியிருந்தார்கள். அழைப்பைப் பெறுபவரின் பிரதேசக் குறியீட்டோடு பொருந்தும் இலக்கத்தைத் தெரிவுசெய்வது இவர்களின் வழக்கம், ஏனெனில் உள்ளூர் இலக்கம் என்றால் மக்கள் பதிலளித்துவிடுவார்கள்.

சட்டமும் தொழில்நுட்பமும் இங்கே வட அமெரிக்காவில் ஓரளவு நகர்ந்திருக்கின்றன. ஏமாற்றும் நோக்கோடு பொய்யான இலக்கம் காட்டுவதை அமெரிக்கா 2010 டிசெம்பரில் கையொப்பமான சட்டத்தின் மூலம் குற்றமாக்கியது. பின்னர், அழைப்பைத் தொடக்கும் நிறுவனம் அந்த இலக்கத்துக்கு மின்னணுக் கையொப்பம் இட்டு உறுதிசெய்யும் ஸ்ரிர்/ஷேக்கன் என்ற முறை வந்தது. பெரிய நிறுவனங்கள் இதை நடைமுறைப்படுத்த வேண்டும் என்ற கட்டாயம் அமெரிக்காவில் 2021 ஜூன் 30 ஆம் திகதியும், கனடாவில் அதே ஆண்டு நவம்பர் 30 ஆம் திகதியும் வந்தது. ஆனாலும் அந்த முறை இணைய நெறிமுறையில் இயங்கும் வலையமைப்புகளுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். பழைய வகை இணைப்பு ஒன்றைக் கடந்தால் கையொப்பம் தொலைந்துவிடும். அதற்குப் பின்னரும் பொய் இலக்க அழைப்புகள் வந்துகொண்டுதான் இருக்கின்றன.

ஊரில் இருக்கும் என் அக்காவுக்கு என்னுடைய இலக்கத்தையே காட்டி அழைப்பு வரக்கூடும் என்ற பயம் எனக்கு உண்டு. வெளிநாட்டில் பிள்ளைகள் உள்ள வீடுகளில் “மகன் விபத்தில் மாட்டிக்கொண்டார், உடனே பணம் அனுப்புங்கள்” என்ற பொய் எளிதில் எடுபடும். பணம் கேட்கும் எந்த அழைப்பையும் வைத்துவிட்டு, தன் கையால் எனது இலக்கத்தை அழுத்தித் திருப்பி எடுக்கும்படி அக்காவிடம் சொல்லிவைத்திருக்கிறேன். பொய்யாகக் காட்டிய இலக்கத்துக்கு எடுத்தாலும் அழைப்பு உண்மையான உரிமையாளரிடமே வரும், திருடனிடம் போகாது. இந்த ஒன்றை ஊரில் எல்லா முதியவர்களுக்கும் சொல்லிக் கொடுங்கள்.

பருத்தித்துறையிலிருந்து

என் தம்பிக்கு நடந்தது வெளிப்பார்வைக்கு இதைப் போலத் தெரிந்தாலும் வேறு வகையானது. அவருடைய வட்ஸ்அப் கணக்கிலிருந்து நண்பர்களுக்கெல்லாம் கடன் கேட்டுச் செய்தி போனது. அங்கே இலக்கம் பொய்யாகக் காட்டப்படவில்லை. ஆறு இலக்கச் சரிபார்ப்புக் குறியீட்டை ஏமாற்றி வாங்கி, கணக்கையே கைப்பற்றியிருந்தார்கள். திருப்பிப் பதிவுசெய்து, இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கியதும் நின்றுவிட்டது. பொய் இலக்க அழைப்பில் உங்கள் கருவியில் செய்வதற்கு எதுவும் இல்லை, ஏனெனில் கருவி கைப்பற்றப்படவில்லை. இரண்டையும் குழப்பிக்கொண்டு சிம் அட்டையை மாற்றியவர்களை நான் அறிவேன், பயன் கிடைக்கவில்லை.

மீண்டும் திருநெல்வேலியிலிருந்து

இலக்கத்தை மாற்றிவிடலாமா என்று சிலர் கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் மாற்றவில்லை. மாற்றுவது குற்றத்தை ஒப்புக்கொள்வதாக ஊருக்குத் தோன்றும் என்பது ஒரு காரணம். மோசடிக்காரர்கள் ஒரு இலக்கத்தை நெடுநாள் வைத்திருக்காமல் அடுத்ததற்குப் போய்விடுவார்கள் என்பது இன்னொரு காரணம். எங்களுக்கும் அந்த அழைப்புகள் படிப்படியாகக் குறைந்து நின்றுவிட்டன.

ஏசிக்கொண்டு எடுப்பவரிடம் பதிலுக்குக் கோபப்படாமல், அவருக்கு அழைப்பு வந்த திகதி, நேரம், எந்த நிறுவனத்தின் இணைப்புக்கு வந்தது, அழைத்தவர் என்ன சொன்னார் என்பவற்றைக் கேட்டு ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். அவரையும் தமது நிறுவனத்தில் முறைப்பாடு செய்யச் சொல்லுங்கள், ஏனெனில் தடயம் அவருடைய பக்கத்தில்தான் இருக்கிறது. பொலிஸ் முறைப்பாட்டின் பிரதியுடன் இலங்கைத் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவுக்கும் எழுதுங்கள். நாங்கள் முறைப்பாட்டுப் பிரதியைக் கடையின் முன்புறத்தில் ஒட்டியும் வைத்தோம். அது ஊர்க்கதையை அடக்கியது.

ஆணைக்குழுவுக்கு எழுதிய கடிதத்தில் இன்னொன்றையும் வலியுறுத்தினேன். வெளிநாட்டிலிருந்து உள்ளே வரும் அழைப்பு பிரித்தானிய நிலையான இலக்கத்தைக் காட்டினால் அதை அடையாளங்கண்டு தடுக்க வேண்டும் என்று அந்நாட்டின் ஒழுங்குபடுத்துநரான ஒஃப்கொம் 2022 இல் நிறுவனங்களுக்கு வழிகாட்டல் வெளியிட்டது. இந்தியாவும் 2024 ஒக்டோபரில், தனது நாட்டு இலக்கத்தைக் காட்டிக்கொண்டு வெளியிலிருந்து வரும் அழைப்புகளைத் தடுக்கும் ஏற்பாட்டைத் தொடங்கியது. கைத்தொலைபேசி இலக்கம் பயணியோடு வெளிநாடு போகக்கூடும் என்பதால் அதைத் தடுப்பதில் சிக்கல் உண்டு. யாழ்ப்பாணத்துச் சுவரில் பொருத்திய 021 இணைப்பு எங்கும் பயணம் போவதில்லை. எங்கள் மாவட்டத்து நிலையான இலக்கத்தோடு வெளிநாட்டு வழியால் நுழையும் அழைப்பை எல்லையிலேயே நிறுத்த வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். நீங்கள் எழுதும் கடிதங்களிலும் இந்தக் கோரிக்கையைச் சேர்த்துக்கொள்ளுங்கள்.